எஞ்ஜின் புகையைத் திருப்பும் வால்வும் அதை அடைக்கும் தகடும்

திருப்பூர் வட்டாரத்தில் தோட்டமும் காடும் உள்ள குடித்தனக்காரர்களுள் மோட்டார் வண்டி இல்லாதவர் இக்காலத்தில் குறைவு. காங்கயம் பக்கத்தில் தேங்காயும் கொப்பரையும் ஏற்றுவதற்கு ஒரு பிக்கப் வண்டியும், பல்லடத்தில் கோழிப் பண்ணைக்குத் தீவனம் கொணர ஒரு சிறு லாரியும், அவினாசிச் சாலையில் பனியன் கம்பெனிகளுக்கு வாடகைக்கு ஓடும் ‘குட்டி யானை’ ஒன்றுமாக, ஏருக்கும் மாட்டுக்கும் அடுத்தபடியாகக் குடும்பத்தின் முதலீடு இவ்வண்டிகளிலேயே முடங்கியிருக்கிறது. இவற்றுட் பெரும்பாலானவை டீஸல் எண்ணெயினால் ஓடுபவை.

இவ்வண்டிகளில் ஒன்று இழுவை குறைந்து, கரும்புகை கக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் சேருமாயின், அங்கே பெரும்பாலும் ஒரு யோசனை சொல்லப்படுகிறது: ‘ஈ.ஜி.ஆரை அடைத்துவிட்டால் சரியாய்ப் போகும்.’ உள்ளங்கையளவு மெல்லிய தகடு ஒன்றை வெட்டி, புகைக்குழாய்க்கும் அந்த வால்வுக்கும் இடையே வைத்து முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. கூலியும் சொற்பம். வண்டி அன்று மாலையே சுறுசுறுப்பாய் ஓடுவதைக் கண்டு சொந்தக்காரரும் திருப்தியடைகிறார். அந்தத் தகடு எதை அடைக்கிறது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதை அறிந்துகொண்ட பிறகு அந்த யோசனைக்கு இணங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது உசிதம்.

ஈ.ஜி.ஆர். என்பது எஞ்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடியும் எஞ்ஜினுக்குள்ளேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடு. எரிந்து முடிந்த புகையை மீண்டும் உள்ளே செலுத்துவது முதற்பார்வைக்கு விபரீதமாகவே தோன்றும். அதன் காரணத்தை விவசாயிகள் மற்றவர்களைக் காட்டிலும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்; ஏனெனில் விஷயம் தழைச்சத்தைப் பற்றியது.

காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். பயிருக்குத் தழைச்சத்தாவதும் இதுவேயாயினும், காற்றிலிருக்கும் நிலையில் பயிர் இதை நேரே உண்ண இயலாது. அவரை, உளுந்து முதலிய பயறுவகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் இதைப் பிடித்துக் கொடுக்கின்றன. வானத்து மின்னலும் சிறிது பிடித்து மழையோடு இறக்குகிறது. மின்னல் செய்யும் வேலையை ஆலையில் செய்யலாமென்று கண்டவர்கள் நார்வே தேசத்து பிர்க்கெலண்ட் என்ற பேராசிரியரும் எய்டே என்ற எஞ்ஜினீயரும் ஆவர். காற்றை மின்சாரச் சுவாலையினூடே செலுத்தி, நைட்ரஜனையும் பிராணவாயுவையும் மிகுந்த உஷ்ணத்தில் ஒன்றுசேர்த்து, அதிலிருந்து கால்ஷியம் நைட்ரேட் உரம் செய்யும் ஆலையை 1905-ம் வருஷத்தில் நோட்டோடன் என்ற ஊரில் அவர்கள் நடத்தத் தொடங்கினர். மின்சாரச் செலவு மிகுதியாயிருந்தபடியால், பின்னர் ஜெர்மனியில் தோன்றிய அம்மோனியா முறைக்கு முன் அம்முறை நிலைக்கவில்லை. ஆயினும், கடும் உஷ்ணம் கிடைத்தால் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் தாமாகவே கூடிவிடும் என்ற உண்மை அதனால் ருசுவாயிற்று.

டீஸல் எஞ்ஜினின் ஸிலிண்டருக்குள் நடப்பதும் அதுவே. எண்ணெய் எரியும் கணத்தில் சுவாலையின் உஷ்ணம் 2,000 டிகிரி ஸென்டிகிரேடையும் தாண்டுகிறது. சுமார் 1,500 டிகிரிக்கு மேலே உஷ்ணம் ஏற ஏற, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகும் வேகம் பன்மடங்காகப் பெருகுகிறது. நார்வேயில் பாடுபட்டுச் செய்த சரக்கு இங்கே வேண்டாமலே உற்பத்தியாகி, புகைக்குழாய் வழியாகச் சாலையில் கொட்டப்படுகிறது. உரமாக நிலத்துக்கு வராமல் வாயுவாகக் காற்றில் கலப்பதால் அது நன்மைக்குப் பதில் தீமையே செய்கிறது. கரும்புகையைப் போல அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

உஷ்ணத்தைக் குறைத்தால் இந்த வாயுவும் குறையும். அதற்கு எளிய வழி, ஏற்கனவே எரிந்துபோன புகையைப் புதுக் காற்றோடு கலப்பது. அடுப்பில் நன்றாய் எரியும் விறகின்மேல் சாம்பலைத் தூவினால் தணல் அடங்குவதைப் போல, பிராணவாயு குறைந்த புகை ஸிலிண்டருக்குள் வந்ததும் எரிதல் சாந்தமாகிறது. புகையிலுள்ள கரியமிலவாயுவும் நீராவியும் வறட்டுக் காற்றைவிட அதிக உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையவை. அதனாலும் சுவாலையின் உச்ச உஷ்ணம் தாழ்கிறது. எவ்வளவு புகையைத் திருப்புவது என்பதை வால்வு ஒன்று நிர்ணயிக்கிறது. அந்த வால்வை எஞ்ஜினின் மின்னணுப் பெட்டி ஆட்டிவைக்கிறது. சூடான புகை உள்ளே போனால் இடத்தை அடைத்துக் காற்றைக் குறைத்துவிடுமாதலால், ரேடியேட்டர் நீர் சுற்றிவரும் ஒரு சிறு கூலர் வழியாகப் புகையைக் குளிர்வித்து அனுப்புவதும் உண்டு.

பெட்ரோல் காருக்கும் டீஸல் வண்டிக்கும் இதில் பேதம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்ஜினில் காற்றும் எண்ணெயும் கணக்கான அளவில் எரிவதால், புகைக்குழாயில் வைத்த மூவழி வினையூக்கி ஒன்றே நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் பெரும்பாலும் பிரித்து அழித்துவிடுகிறது. அங்கே புகையைத் திருப்புவது சிறு அளவிலேயே. அதனால் எண்ணெய்ச் செலவிலும் சிறிது மிச்சமுண்டு. பல பெட்ரோல் எஞ்ஜின்களில் தனிக்குழாயே இல்லாமல், வால்வுகள் மூடும் நேரத்தை மாற்றிக் கொஞ்சம் புகையை ஸிலிண்டருக்குள்ளேயே தங்கவைக்கிறார்கள். டீஸல் எஞ்ஜின் அப்படியன்று. அது எப்போதும் தேவைக்கு மிஞ்சிய காற்றோடு எரிகிறது. புகையிலும் பிராணவாயு மிச்சமிருப்பதால் அந்த வினையூக்கி அங்கே பயன்படாது. ஆகையால் டீஸலுக்குப் புகை திருப்புவதே முதற்காவல். பளுவில்லாமல் மெதுவாய் ஓடும் சமயத்தில் உள்ளே போவதில் பாதியளவுகூடத் திருப்பிய புகையாக இருக்கலாம். முழுப் பளுவோடு மேட்டில் ஏறும்போது வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. சுமையோடு இழுக்கும் சமயத்தில் ஈ.ஜி.ஆர். பலத்தைப் பறிக்கிறது என்று பட்டறைகளில் சொல்லப்படுவது, வால்வு பழுதின்றி இருக்கும்வரை, உண்மையன்று.

பயிருக்கு வந்த கேடு

இந்த வாயுவைக் கட்டுப்படுத்தவேண்டும் என்ற எண்ணம் நகரவாசிகளின் இருமலிலிருந்து மட்டும் பிறந்ததன்று. அதில் கீரைப் பாத்திக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 1944-ம் வருஷம் முதல் இலைகள் வெள்ளிப் பூச்சுப் போலப் பளபளத்துக் கருகுவதைக் கண்டு விவசாயிகள் முறையிட்டனர். பூச்சியுமில்லை, பூஞ்சணமுமில்லை. ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் பசலை, பீட்ரூட், ஓட்ஸ், குதிரைமசால் முதலிய செடிகளைக் கூண்டுகளில் வளர்த்துப் புகைவாயுக்களைச் செலுத்திப் பரீக்ஷித்தார்கள். மோட்டார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் எண்ணெய் ஆவியும் சூரிய வெளிச்சத்தில் கூடி ஓஸோன் என்ற காரவாயுவை உண்டாக்குகின்றன என்பதும், இலைகளைக் கெடுப்பது அவ்வாறு பிறக்கும் பொருள்களே என்பதும் 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் அவர்களால் வெளியாயிற்று. அதன் பின் சட்டங்கள் படிப்படியாய் இறுகி, 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க பெட்ரோல் கார்களில் புகை திருப்பும் வால்வு வந்து சேர்ந்தது.

வானத்தின் உயரத்தில் ஓஸோன் இருப்பது உலகத்துக்கு நன்மை. தரையருகே அது விஷம். இலையின் சுவாசத் துவாரங்கள் வழியாக உட்புகுந்து பச்சையத்தைக் கெடுக்கிறது. வெயில் மிகுந்த நாடுகளில் இதன் உற்பத்தியும் மிகுதி. மேலும், புகை கக்கும் சாலையோரத்தைவிட, காற்று அடித்துச் செல்லும் திசையிலுள்ள கிராமப்புறத்தில் ஓஸோன் அதிகமாய்க் காணப்படுவது வழக்கம்; நகரத்துப் புகை சில மணிநேரம் வெயிலில் காய்ந்த பிறகே அது முற்றிப் பக்குவமாகிறது. இந்தியாவில் 2005-ம் வருஷத்து நிலைமையை வைத்து விஞ்ஞானிகள் கணக்கிட்டு 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, ஓஸோனால் அவ்வருஷம் கோதுமையில் சுமார் 35 லட்சம் டன்னும் நெல்லில் சுமார் 21 லட்சம் டன்னும் விளைச்சல் குறைந்ததாக மதிப்பிட்டது. பருத்தியும் ஓஸோனைத் தாங்காத பயிர்களில் ஒன்று. இலைகள் வெண்கல நிறமடைந்து முன்கூட்டியே உதிர்வதும் காய் பிடிப்புக் குறைவதும் அதன் அடையாளங்கள். பஞ்சை நம்பி வாழும் திருப்பூருக்கு இது அக்கரைச் சமாசாரமன்று. ஆயினும் பருத்தி இலை சிவந்தாலே ஓஸோன் என்று எண்ணிவிடுவதும் தவறு. மக்னீஷியக் குறைவே அதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பதால், முதலில் மண்ணைப் பரீக்ஷை செய்வதே முறை.

மனிதரின் சுவாசப்பைக்கும் இவ்வாயுக்கள் தீங்கானவை. இழுப்பு உள்ளவர்களையும் குழந்தைகளையும் அதிகம் வருத்துகின்றன. இந்தியாவில் நைட்ரஜன் டையாக்ஸைடுக்கு வருஷ சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் என்று 2009-ல் வரம்பு விதிக்கப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனமோ தன்னுடைய அளவை 2021-ல் 40-லிருந்து 10 மைக்ரோகிராமாகத் தாழ்த்திவிட்டது.

எண்ணூரில் எடுத்த முடிவு

வண்டிகளின் புகைக்கு இந்திய சர்க்கார் விதித்த பாரத் ஸ்டேஜ் அளவுகள் படிப்படியாய் இறுகி வந்ததைக் கவனித்தால் இந்த வால்வின் முக்கியம் புலப்படும். டீஸல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடுகையில் வெளிவிடத்தக்க நைட்ரஜன் ஆக்ஸைடு, மூன்றாம் ஸ்டேஜில் 0.50 கிராம், நான்காவதில் 0.25 கிராம், ஆறாவதில் 0.08 கிராம்.

நான்காம் ஸ்டேஜ் 2017 ஏப்ரல் 1-ந் தேதி தேசமெங்கும் அமுலுக்கு வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னதாக, மார்ச் 29-ந் தேதி, பழைய மூன்றாம் ஸ்டேஜ் வண்டிகளை அத்தேதிக்குப் பின் விற்கவும் பதியவும் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. தேசம் முழுவதும் இருசக்கர வண்டிகள் உட்பட எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவை விற்பனையாகாமல் கிடந்தன. பெரிய லாரிகளுக்கு அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எஞ்ஜினைத் தாராளமாய் எரியவிட்டு, வெளிவரும் புகையில் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளைத் திரும்பவும் நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுவது. மற்றொன்று, புகையைத் திருப்பி அவ்வாயு உண்டாவதையே தடுப்பது. சென்னையில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரால் தோன்றி எண்ணூரில் வளர்ந்த அசோக் லேலண்ட் கம்பெனியார் இரண்டாவதைத் தேர்ந்தனர். 2017 ஏப்ரலில் ‘ஐ-ஈ.ஜி.ஆர்.’ என்ற பெயரால் தங்கள் கனரக லாரிகளுக்கும் அம்முறையை அறிவித்தனர். விற்பனைக்கு நின்றுபோன பழைய ஸ்டேஜ் வண்டிகளையும் அதன் உதவியால் மாற்றியமைக்க முடியும் என்றார்கள்.

லாரிக்காரர்களுக்கு அதிலிருந்த அனுகூலம் வெளிப்படை. டீஸலோடு மற்றொரு திரவத்தையும் தேடி நிரப்பும் தொல்லை இல்லை. எண்ணெய் பங்க்குகளில் அத்திரவம் தாராளமாய்க் கிடைக்காத காலம் அது. ஓட்டுநர் அதை ஊற்ற மறந்தாலும், சிக்கனம் கருதி வெறும் தண்ணீரை ஊற்றினாலும் ஏற்பாடு முழுவதும் வீண். புகை திருப்பும் முறையோ ஓட்டுநரின் கையில் எதையும் விடுவதில்லை.

ஆனால் 2020 ஏப்ரல் 1-ந் தேதி வந்த ஆறாம் ஸ்டேஜ் அந்த விவாதத்தையே முடித்துவிட்டது. நான்காம் ஸ்டேஜில் கனரக எஞ்ஜினுக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பு அரை கிராமுக்கும் கீழே இறங்கிற்று. புகை திருப்புவதை மாத்திரம் கொண்டு அதை எட்டுவது கனரக லாரிகளுக்குக் கடினம். எண்ணூரார் உட்பட லாரி செய்வோர் யூரியாக் கரைசலைக் கைக்கொண்டனர். டீஸலிலுள்ள கந்தகத்தையும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தது எஞ்ஜின்களுக்கு நல்லதாயிற்று; கந்தகம் மிகுந்த புகை கூலரில் குளிரும்போது கந்தகத் திராவகமாகி உலோகத்தை அரித்துவிடும்.

யூரியாவை நம்புவதிலும் அபாயம் உண்டு. 2021 அக்டோபரில் சீன தேசம் யூரியா ஏற்றுமதியை இறுக்கியதும், தென் கொரியாவில் லாரிகளுக்கு ஊற்றக் கரைசல் கிடைக்காமல் சரக்குப் போக்குவரத்தே நின்றுவிடும் நிலை ஏற்பட்டது.

உர மூட்டையும் லாரித் தொட்டியும்

இவ்விடத்தில் விவசாயிகளும் கிராம நிர்வாக அலுவலர்களும் தனியே கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. வண்டிக்கு ஊற்றும் கரைசலில் நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா. மீதி உப்பு நீக்கிய சுத்த நீர். 45 கிலோ உர மூட்டை ஒன்றைக் கரைத்தால் சுமார் 125 லிட்டர் கரைசலாகிவிடும் என்று கணக்குப் போட்டு, மானிய விலை உரத்தை அந்த வழியில் திருப்பும் ஆசை சிலருக்கு உண்டாகிறது. இது இருவகையிலும் கேடு.

இந்தியாவில் விற்கப்படும் விவசாய யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டுமென்று 2015-ல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணெயும், உர யூரியாவில் உள்ள பையூரெட் முதலிய கலப்புகளும், நுண்ணிய தெளிப்பு மூக்கை அடைத்து வினையூக்கியைப் பாழாக்கும். வண்டிக் கரைசலில் பையூரெட் நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படக் கூடாதென்பது விதி. சாதாரணக் கிணற்று நீரின் சுண்ணாம்பும் அதே தீமையைச் செய்யும். திருப்பூர் வட்டாரத்துக் கிணற்று நீரின் உப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய், கெட்டுப்போனது பெருந்தொகையுள்ள சாமான் என்றாகும். மேலும், மானிய யூரியாவை விவசாயமல்லாத காரியத்துக்குத் திருப்புவது 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். 2022-ல் மத்திய சர்க்காரின் உரத் துறை பறக்கும் படைகளை அமைத்துப் பல மாகாணங்களில் சோதனை நடத்திற்று. சம்பா நடவுச் சமயத்தில் யூரியா தட்டுப்பாடு என்று சங்கக் கடை முன் வரிசை நிற்கையில், மூட்டைகள் இரவில் வேறு பாதையில் போவதைக் கண்டவர்கள் வேளாண்மை உதவி இயக்குநருக்குத் தெரிவிப்பது தங்கள் பயிரையே காப்பதாகும்.

தகடு வைப்பதில் வரும் லாப நஷ்டம்

சிறு வண்டிகளுக்கும் பிக்கப்புகளுக்கும் இன்றும் ஈ.ஜி.ஆரே முக்கியக் காவலாயிருக்கிறது. வண்டிக்காரரின் குறையில் நியாயமே இல்லையென்று தள்ளிவிடுவதற்கில்லை. புகையைத் திருப்பினால் நைட்ரஜன் ஆக்ஸைடு குறைகிறதே தவிர, எரிதல் மந்தமாவதால் கரி சற்று அதிகமாகிறது. அந்தக் கரியும், எஞ்ஜின் ஆயில் ஆவியும் சேர்ந்து வால்விலும் காற்றுக் குழாயிலும் தார் போல ஒட்டிக்கொள்கின்றன. இதில் திருப்பூர் வண்டிகளின் தலைவிதி சற்றுக் கொடிது. நூல் ஓரிடத்தில் துணியாகி, வேறிடத்தில் சாயமேறி, மற்றோரிடத்தில் காம்பாக்டிங் ஆகி, பின்னர் வெட்டவும் அச்சடிக்கவும் தைக்கவும் தனித்தனிக் கம்பெனிகளுக்குப் போவது அவ்வூரின் தொழில் முறை. ஒவ்வொரு கட்டத்துக்கும் வண்டியொன்று இரண்டு மூன்று மைல் ஓடி, கம்பெனி வாசலில் எஞ்ஜினை அணைக்காமல் காத்து நிற்கும். எஞ்ஜின் நன்றாய்ச் சூடேறாத இத்தகைய ஓட்டத்தில்தான் புகை அதிகம் திருப்பப்படுகிறது. கரியும் அதிகம் படிகிறது. ஒரே வகை வண்டி காங்கயத்திலிருந்து தூத்துக்குடிக்குச் சரக்கோடு போய்வருமானால் இந்தத் தொல்லை அவ்வளவில்லை.

கரி பிடித்த வால்வு பாதி திறந்தபடியே சிக்கிக்கொண்டால் காற்று குறைந்து கரும்புகையும் இழுவைக் குறைவும் உண்டாகும். அந்நிலையில் தகடு வைத்து அடைத்தால் குணம் தெரிவது இயல்பே. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தாலும் அதே குணம் தெரிந்திருக்கும் என்பதைப் பட்டறையில் யாரும் சொல்வதில்லை.

இதில் வேடிக்கை யாதெனில், புகைச் சான்றிதழ்ப் பரீக்ஷையில் தகடு வைத்த டீஸல் வண்டி தேறிவிடுகிறது. அங்கே டீஸல் வண்டிக்கு அளக்கப்படுவது புகையின் கருமை மாத்திரமே. நைட்ரஜன் ஆக்ஸைடு அளக்கப்படுவதில்லை. புகை திருப்புவது நின்றதும் கரி குறைவதால், காற்றை அதிகம் கெடுக்கும் வண்டி சுத்தமான வண்டி என்று சான்று பெறுகிறது. கண்ணுக்குத் தெரியும் புகை மட்டுமே புகை என்று எண்ணியதன் விளைவு இது. பரீக்ஷையை ஏமாற்றுவதில் பட்டறைக்காரர் தனியர் அல்லர். ஜெர்மனியின் வோல்க்ஸ்வேகன் கம்பெனி, பரீக்ஷைச் சாலையில் நிற்கும்போது மட்டும் புகைக் கட்டுப்பாடுகள் ஒழுங்காய் வேலை செய்யவும் சாலையில் ஓடும்போது தளரவும் எஞ்ஜின் பெட்டிக்குள் கட்டளை எழுதிவைத்தது 2015-ல் அமெரிக்காவில் அம்பலமாயிற்று. இந்தியாவிலும் அவ்வருஷ இறுதியில் சுமார் 3,23,700 கார்களை அக்கம்பெனி திருத்தத்துக்குத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

சட்டத்தின் நிலை தெளிவானது. வண்டியைச் செய்தவர் அமைத்த நிலைக்கு மாறாகச் சொந்தக்காரர் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவின்படி, அவ்வாறான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பொறுப்பு வண்டிச் சொந்தக்காரரைச் சேரும். ஆறாம் ஸ்டேஜ் வண்டிகளில் தகட்டை எஞ்ஜின் பெட்டியே கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை ஏற்றி, வேகத்தையும் இழுவையையும் தானே குறைத்துவிடக்கூடும். ஆகவே அங்கே தகட்டோடு நில்லாமல் மின்னணுக் கட்டளையையும் மாற்றியெழுதும் வியாபாரம் நடக்கிறது. அதன் பின் வண்டிக்கு வரும் கோளாறுகளைக் கம்பெனிச் சர்வீஸில் உத்தரவாதத்தின்பேரில் கேட்க வழியில்லை.

பராமரிப்பில் செய்யவேண்டியவை அதிகமில்லை. கம்பெனி வாசலில் காத்து நிற்கையில் எஞ்ஜினை அணைப்பது முதலாவது. நகருக்குள்ளேயே உழலும் வண்டியை வாரத்துக்கொரு முறையேனும் பல்லடத்திலிருந்து வெள்ளகோவில் வரையிலோ அவினாசிக்கு அப்பாலோ அரைமணி நேரம் நிறுத்தாமல் சீரான வேகத்தில் ஓட்டினால், புகைக்குழாயிலுள்ள கரிவடிகட்டி சூடேறித் தானே எரித்துச் சுத்தமாக இடம் கிடைக்கும். வண்டிக் கையேட்டில் கண்ட கெடுவில் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது காஸ்கெட் போடவேண்டும். ஆறாம் ஸ்டேஜ் எஞ்ஜினுக்குரிய சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றவேண்டும். விலை குறைந்த பழைய வகை ஆயில் வடிகட்டியைச் சாம்பலால் நிரப்பிவிடும். அந்தச் சாம்பலை எவ்வளவு ஓட்டினாலும் எரிக்க முடியாது.

எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டியது கூலர். ரேடியேட்டர் நீர் தரையில் சொட்டாமலே குறைந்துகொண்டு வந்தாலும், புகை வெண்மையாய் வந்தாலும், ஈ.ஜி.ஆர். கூலரில் கசிவு உண்டா என்று பார்க்கச் சொல்லவேண்டும். நீர் ஊற்றி ஊற்றி ஓட்டுவது ஆபத்து. 2018-ல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீஸல் கார்கள் பல சாலையிலேயே தீப்பற்றின. கூலரிலிருந்து கசிந்த குளிர்நீர்த் திரவம் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டுக் கனன்று, பிளாஸ்டிக் காற்றுக் குழாயை உருக்கியதே காரணமென்று தெரிந்து, உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகை விதி வந்துவிட்டபடியால், அதன் பின் வாங்கிய பெரிய டிராக்டர்கள் பலவற்றில் ஈ.ஜி.ஆர். வால்வு இருக்கிறது. ரோட்டவேட்டர் பூட்டி உழும்போது எஞ்ஜின் நன்றாய்ச் சூடேறுவதால் கேடில்லை. டிரெய்லரோடு களத்தில் பேச்சு முடியும்வரை சும்மா ஓடவிடுவதே கரிக்கு வித்து. பனியன் கம்பெனிகளில் மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பழைய ஜெனரேட்டர்கள் இவ்விதிகளுக்கு முந்தியவை. 2023 ஜூலை 1 முதல் செய்யப்படும் 800 கிலோவாட் வரையுள்ள ஜெனரேட்டர்களுக்கும் வரம்பு இறுகியிருப்பதால், கோழிப் பண்ணைக்குப் புது ஜெனரேட்டர் வாங்குவோர் அதில் புகை திருப்பும் முறையா, யூரியாக் கரைசலா என்று கேட்டறிந்து, பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவது சிலாக்கியம்.

பழைய வண்டி வாங்குவோர் ஒரு காரியம் செய்யலாம். எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது, புகைக்குழாயிலிருந்து வால்வுக்கு வரும் குழாயின் இணைப்பை மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கச் செய்யவேண்டும். இரண்டு விளிம்புகளுக்கிடையே காஸ்கெட்டைத் தவிரப் புதுத் தகட்டின் ஓரம் பளபளப்பாய்த் தெரிந்தால் விஷயம் வெளிப்படை. சாவி திருப்பியதும் எஞ்ஜின் விளக்கு ஒருமுறை எரிந்து அணையவேண்டும். எரியவேயில்லையெனில் விளக்கையே பிடுங்கியிருப்பார்கள். தகட்டைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேட்பதற்கு முன், வால்வும் கூலரும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். சில வண்டிகளில் அவற்றைக் கழற்றி விற்றே விட்டிருக்கிறார்கள்.